ரோலிங் மில் சத்தத்தில் தூங்கும் பூனை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டி இருக்கும் லைன் வீடுகளில் சத்தம் என்பது ஒரு விஷயமே இல்லை. கம்பி உருட்டும் மில் ராத்திரி பகலாக ஓடும். பழைய இரும்பை லாரியிலிருந்து கொட்டும்போது புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். ஒரு மாதம் இருந்தவர்கள் காதில் அது விழக்கூட விழாது. ஒரு பக்கம் கல்கத்தா நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள், இன்னொரு பக்கம் கூடூர் லைனில் நிற்காமல் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் எக்ஸ்பிரஸ்கள். இத்தனைக்கும் நடுவில், காலை வெயிலுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் நாலு காலையும் நீட்டிப் போட்டுத் தூங்கும் பூனைகள்.

அப்படி ஒரு வீட்டில் சாம்பல் நிறக் கடுவன் பூனை ஒன்று. பெயர் ஷிப்ட்டு. ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பிப் போய் காலை ஆறு மணிக்குத் திரும்பி வருவதால் வந்த பெயர். வீட்டுக்காரருக்கும் மாதத்தில் பாதி நாள் அதே ஷிப்ட்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து சேருவார்கள். (ஒருத்தருக்கு மட்டும்தான் ஓவர்டைம் காசு உண்டு என்பது அந்த வீட்டு ஜோக்.) அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். ஒரே மகள், பொன்னேரிக்கு ரயிலில் போய்ப் படிக்கிறாள்.

2023 தீபாவளி, நவம்பர் 12, விடியற்காலை நாலரை மணி. முந்தின நாளே அங்கங்கே வெடி ஆரம்பித்துவிட்டதால் ஷிப்ட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, அரிசி மூட்டை மேல் படுத்திருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்த முதல் பையன் சந்தில் ஒரு அணுகுண்டைக் கொளுத்திப் போட்டான். அவ்வளவுதான். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்குமே, அந்த வழியாகப் போய்விட்டது. போனதை யாரும் பார்க்கவில்லை. மூட்டை மேலிருந்த முறம் கீழே விழுந்ததை வைத்துத்தான் தெரிந்தது.

"எங்கனா படுத்துனு இருக்கும், வந்துடும்மா" என்றார் அப்பா. அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மகளுக்கு அழுகையோடு ஒரு சந்தேகமும் சேர்ந்து வந்தது. டன் கணக்கில் இரும்பு கொட்டும்போது கண்ணைக்கூடத் திறக்காத பூனை, ஒரு சின்ன நூல் சுற்றிய உருண்டை வெடித்ததற்கு ஏன் இப்படி ஓட வேண்டும்?

நியாயமான சந்தேகம்தான். பதில் சத்தத்தின் அளவில் பாதிதான் இருக்கிறது. மில் சத்தம் தினமும் வருகிறது, ஒரே திசையிலிருந்து வருகிறது, அதன் பிறகு பூனைக்குக் கெட்டது எதுவும் நடப்பதில்லை. கொஞ்ச நாளில் பூனையின் மூளை 'இது நமக்கு இல்லை' என்று அதைத் தள்ளி வைத்துவிடுகிறது. பட்டாசு அப்படி இல்லை. வருஷத்தில் சில நாள்தான் வரும், எந்தப் பக்கத்திலிருந்தும் வரும், எப்போதும் வரும். பழகிக்கொள்ள அவகாசமே கிடையாது. இடியைக்கூட ஒரு வகையில் பூனைக்கு முன்கூட்டியே தெரியும், காற்று மாறும், வானம் இருட்டும், தூரத்தில் உறுமும். அணுகுண்டுக்கு முன்னால் ஒன்றும் நடக்காது, கொளுத்தியவன் ஓடுவதைத் தவிர.

அதோடு பூனையின் காது வேறு. எலிக்குஞ்சு போடும் கீச்சொலியைப் பிடிப்பதற்காக ஆன காது அது. மனிதக் காது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். அமெரிக்காவின் ஹெஃப்னர் தம்பதி 1985-ல் அளந்து வெளியிட்டதன்படி பூனைக்கு 48 ஹெர்ட்ஸ் முதல் 85 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. காது மடல் இரண்டையும் தனித்தனியாகத் திருப்பி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடும். பூனையின் பிழைப்பே அதில்தான். பத்தடி சந்தில் இரண்டு பக்கமும் சுவர், மேலே ஷீட். வெடி ஒன்று, எதிரொலி நாலு. எங்கிருந்து வருகிறது என்று காது சொல்லவில்லை என்றால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பூனைக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பத்தடி சந்து விஷயத்தில் சட்டமும் கொஞ்சம் வேடிக்கையானது. 1999-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. 4 மீட்டர் என்றால் பதின்மூன்று அடி. சந்தின் அகலமே பத்தடி! கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பூனைக்குக்கூட அந்த 4 மீட்டர் கிடைப்பதில்லை. திறந்த வெளியில் தூரம் பாதியானால் சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும். சுவரில் பட்டுத் திரும்புவது தனிக் கணக்கு. சட்டம் மைதானத்தில் அளந்தது, வெடி சந்தில் வெடிக்கிறது.

'பசுமைப் பட்டாசு' என்று பெட்டியில் போட்டிருந்தால் பூனைக்கு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். நீரி ஆய்வு நிறுவனம் வகுத்த கலவைகள் அவை. புகையும் தூசும் குறைவு, அது உண்மை. சத்தம் அப்போதும் 100 டெசிபலுக்கு மேல்தான். மூக்குக்குக் கொஞ்சம் நிம்மதி, காதுக்கு இல்லை.

இன்னொரு விஷயம் மகளுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. தீபாவளி அன்றைக்கு மில் ஓடவில்லை! லீவு. வருஷம் முழுக்கப் பூனையின் காதுக்குப் பின்னால் ஒரு போர்வை மாதிரி இருந்த அந்த 'கொர்ர்ர்' அன்றைக்கு இல்லை. பழகிய சத்தம் நின்றுபோன அமைதியில் பழகாத சத்தம் வந்து விழுந்திருக்கிறது.

சரி, ஷிப்ட்டு என்ன ஆனது?

காணாமல் போன பூனையைத் தேடுவதில் பெரும்பாலோர் செய்யும் தப்பு, தூரமாகப் போய்த் தேடுவது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணாமல் போன பூனைகளைப் பற்றி 2018-ல் வந்த ஓர் ஆய்வில், கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி, காணாமல் போன இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்திருக்கின்றன. பயந்த பூனை கிலோமீட்டர் கணக்கில் ஓடுவதில்லை. கிடைக்கிற முதல் பொந்தில் நுழைந்து, மூச்சுக்கூட சத்தமாக விடாமல் உட்கார்ந்துகொள்கிறது. சோறு போடும் கை வந்து கூப்பிட்டாலும் பதில் சொல்லாது. பதில் சொன்னால் பிடித்துத் தின்னும் மிருகத்துக்கும் இடம் தெரிந்துவிடுமே. அதனால்தான் நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரிகிற அளவுக்குப் பூனை வளர்ப்பவர்களுக்கு இந்தப் பயம் தெரிவதில்லை. நாய் நடுங்கும், இளைக்கும், காலைச் சுற்றி வரும். பூனை காணாமல் போய்விடும். 'எங்க பூனை பட்டாசுக்குப் பயப்படாது, எங்கேயோ போய்த் தூங்கிடும்' என்று பெருமையாகச் சொல்பவர்கள் அது தூங்குவதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த வீட்டில் முதல் இரண்டு நாள் பைபாஸ் வரைக்கும் போய்த் தேடினார்கள். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, தெரு அடங்கிய பிறகு, மகள் டார்ச்சும் கொஞ்சம் வறுத்த நெத்திலிக் கருவாடும் எடுத்துக்கொண்டு அதே லைனில் வீடு வீடாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனாள். ஐந்தாவது வீட்டுப் பின்பக்கம் சாய்த்து வைத்திருந்த உடைந்த ஷீட்டுகளுக்கு அடியில் இரண்டு பச்சைப் புள்ளிகள் மின்னின. அப்புறமும் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. அவள் தரையில் உட்கார்ந்தே இருந்தாள், கையை விட்டு இழுக்கவில்லை. இழுத்திருந்தால் கடித்துவிட்டு இன்னும் உள்ளே போயிருக்கும்.

கதை அதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. மறுநாள் காலையில் ஷிப்ட்டு மணல் குவியலில் போய்க் குந்தியது, எழுந்தது, மறுபடி வேறு இடத்தில் குந்தியது. முக்கல், ஒரு மாதிரி கத்தல். "மூணு நாள் சாப்பிடாம கெடந்துச்சே, வயிறு கட்டினு இருக்கும், வெளக்கெண்ணெ குடு" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நல்லவேளை, யாரும் கொடுக்கவில்லை.

கட்டிக்கொண்டது வயிறு இல்லை, மூத்திரம். கடுவன் பூனை வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. கிருமி எதுவும் இல்லாமலே, வெறும் மன அழுத்தத்தால், பூனையின் சிறுநீர்ப்பை வீங்கிப் புண்ணாவது உண்டு. பெண் பூனைக்கு அதோடு போய்விடும். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் ரொம்பக் குறுகல், சளி மாதிரி வரும் கசடும் பொடிக் கற்களும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அடைத்துக்கொண்டால் சிறுநீரில் போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறும், இதயம் நின்றுபோகும். இரண்டு மூன்று நாள்தான் கெடு. பார்க்க மலச்சிக்கல் மாதிரியே இருப்பதுதான் இதில் கொடுமை. குந்துகிறது, முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அன்றைக்கே டாக்டர், மறுநாள் இல்லை.

அம்மாவும் மகளும் ஷிப்ட்டை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டி, சென்னைக்கு ரயிலேறினார்கள். நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஒரு டாக்டர் மயக்கம் கொடுத்து மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்தார். இரண்டு நாள் போய் வந்தார்கள். அப்பாவின் போனஸில் ஒரு பங்கு அங்கே போனது. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா நீங்க கூடையத் தூக்கினு வந்திருக்க வேண்டியதே இல்ல" என்று டாக்டர் சொன்னாராம்.

ஆக, 2024 தீபாவளிக்கு அந்த வீடு முன்கூட்டியே தயாரானது. இணையத்தில் தேடினால் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. 'வீட்டின் நடுவில் இருக்கும் அமைதியான அறையைத் தேர்ந்தெடுக்கவும். கனமான திரைச்சீலை போடவும். பூனைக் கதவைப் பூட்டவும்.' பெரும்பாலும் இங்கிலாந்துச் சரக்கு. அங்கே நவம்பர் 5 வெடித் திருவிழாவுக்காக எழுதி எழுதிப் பழகியவர்கள். வழக்கமாக ராத்திரி 11 மணிக்கு மேல் அங்கே வெடிக்கக் கூடாது. (தீபாவளி அன்றைக்கு ஒரு மணி வரை அனுமதி உண்டு!) கும்மிடிப்பூண்டி லைன் வீட்டில் நடு அறையும் அதுதான், கடைசி அறையும் அதுதான். திரைச்சீலைக்கு ஜன்னல் வேண்டும். கதவு, ராத்திரி தூங்கும்போது தவிர, சாத்துவதே கிடையாது. வருகிறவர் போகிறவர், பலகாரத் தட்டோடு நிற்கிறவர், தீபாவளி அன்றைக்குக் கதவைச் சாத்தினால் 'என்னா சண்டையா?' என்று கேட்பார்கள்.

அதனால் அந்த வீட்டில் அறிவுரையின் எழுத்தை விட்டுவிட்டு உள்ளர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். பூனைக்கு வேண்டியது அமைதி இல்லை. அமைதியைத் தீபாவளி அன்றைக்கு யாராலும் தர முடியாது. தன் உடம்பு முழுக்க மறைகிற, தானே நுழைந்து தானே வெளியே வரக்கூடிய ஒரு இடமும், பழகிய வாசனையும், பழகிய சத்தமும்தான் வேண்டும்.

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னாலேயே ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, இரும்புக் கட்டிலுக்கு அடியில், சந்துப் பக்கம் இல்லாத சுவரை ஒட்டி வைத்தார்கள். உள்ளே அம்மாவின் பழைய வாயில் புடவை, துவைக்காதது. ராத்திரிச் சோறு அதற்குள்ளேதான். முதல் நாலு நாள் ஷிப்ட்டு தலையை மட்டும் விட்டுத் தின்றுவிட்டுப் போனது. இரண்டாம் வாரம் மதியத் தூக்கமே அங்கேதான். இந்த மூன்று வாரம்தான் முக்கியம். அன்றைக்குக் காலையில் பெட்டியை வைத்துவிட்டு 'உள்ளே போ' என்றால் எந்தப் பூனையும் போகாது.

மணல் பழக்கம்தான் கஷ்டமாக இருந்தது. வெளியே போய்ப் பழகிய பூனை. இரண்டு நாள் உள்ளே இருக்க வேண்டும் என்றால் எங்கே போகும்? கட்டட வேலையில் மிச்சமான மணலை ஒரு பழைய டப்பில் போட்டு, முதலில் வாசலில், பிறகு கதவோரம், பிறகு கதவுக்கு உள்ளே என்று நாளுக்கு ஒரு சாண் நகர்த்தினாள் மகள். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்காருவது கடுவனுக்கு எவ்வளவு ஆபத்து என்று போன வருஷமே பார்த்தாயிற்றே. தண்ணீரும் கூடுதலாக, சோற்றில் மீன் அலசிய தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள்.

ஷீட் இடைவெளியை அப்பா சாக்கு வைத்து அடைக்கப் பார்த்தார். ராக்கெட் வந்து விழுந்தால் சாக்கு பற்றிக்கொள்ளும் என்று மகள் தடுத்தாள். கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலையை வாங்கி அடித்தார். காற்றும் வரும், பூனையும் போகாது.

நேரக் கணக்கு அடுத்தது. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 வரை மட்டும் வெடிக்கலாம் என்று தீர்ப்பு சொன்னது. (சரவெடிக்குத் தடை போட்டதும் அதே தீர்ப்புதான். எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ.) தமிழ்நாட்டில் விடிகாலைதான் தீபாவளி என்பதால் மாநில அரசு முறையிட்டது. அந்த இரண்டு மணி நேரத்தை மாநிலம் தன் வசதிப்படி பிரித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. காலை 6-7, மாலை 7-8 என்று ஆனது. அடுத்து வந்த வருஷங்களிலும் அதே நேரம்தான். காகிதத்தில்!

திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த மூலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. லைன் வீடுகளில் பாதிக்குப் பாதி பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்துப் பையன்கள். தமிழர்களுக்குத் தீபாவளி விடிகாலை, அவர்களுக்கு அமாவாசை ராத்திரி. ஒரே நாளில் வந்தால் காலை நாலு மணியிலிருந்து நள்ளிரவு வரை. 2018-ல் வந்த மாதிரி இங்கே நவம்பர் 6, வடக்கே நவம்பர் 7 என்று பிரிந்தால் இரண்டு நாள். யார் மேலும் குறை சொல்ல முடியாது, ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து நெருப்புக்கு முன்னால் நின்று வேலை பார்க்கிற பையன் வருஷத்துக்கு ஒரு நாள் கம்பி மத்தாப்புக் கொளுத்துகிறான். பூனை வைத்திருப்பவர் இரண்டு காலண்டரையும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

காலண்டரில் இல்லாதது சாவு. சவ ஊர்வலத்துக்கு முன்னால் பறையும் வெடியும் போகும். தேர்தல் முடிவு, கிரிக்கெட் ஜெயிப்பு, கோயில் திருவிழா, புதுப்படம் எல்லாவற்றுக்கும் ஒரு அறிவிப்பாவது உண்டு. சாவுக்கு அதுகூட இல்லை. அதனால்தான் அந்த அட்டைப்பெட்டி தீபாவளி முடிந்த பிறகும் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. (பழவேற்காட்டுப் பக்கம் ஏரிக்கு அந்தண்டை ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏறுவது கரையிலிருந்தே தெரியும். அதற்காவது நாளும் நேரமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். சிவகாசி ராக்கெட்டை விட அது மரியாதையான ராக்கெட்.)

மருந்து பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் பூனைகள் செத்திருக்கின்றன. மனிதர் சாப்பிடும் தூக்க மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எதையும் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு கிடையாது, ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை போதும் கொல்ல. ரொம்பப் பயப்படும் பூனைக்கு டாக்டர்கள் கபாபென்டின் எழுதிக் கொடுப்பதுண்டு. எடை பார்த்து அளவு சொல்வார்கள், சத்தம் ஆரம்பிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே கொடுக்க வேண்டும். பழைய வழக்கத்தில் ஏசிபுரோமசின் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது உடம்பை அசையவிடாமல் செய்யும், பயத்தை எடுக்காது. கத்த முடியாமல், ஓட முடியாமல், உள்ளுக்குள் பயந்துகொண்டு கிடப்பது எப்படி இருக்கும்? தீபாவளி அன்றைக்கு டாக்டரைத் தேட முடியாது, ஒரு வாரம் முன்னால் போய்விட வேண்டும். மாதவரத்திலும் வேப்பேரியிலும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனைகள் இருக்கின்றன. வேப்பேரிக் கல்லூரி 1903-ல் ஆரம்பித்தது, சென்ட்ரலிலிருந்து பக்கம்தான். ஷிப்ட்டுக்கு மருந்து தேவைப்படவில்லை.

2024 அக்டோபர் 30, தீபாவளிக்கு முந்தின நாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷிப்ட்டுக்குச் சோறு வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கதவில் ஒரு அட்டை: 'உள்ளே பூனை இருக்கிறது, கூப்பிட்டால் வருகிறோம்'. பலகாரத் தட்டுகள் வாசலிலேயே கைமாறின. யாரும் சண்டையா என்று கேட்கவில்லை.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது, மகளுடையது. அந்த மாதம் முழுக்க மில் ஓடும்போது ராத்திரியில் செல்போனை ஜன்னல் திண்டில் வைத்து மணிக்கணக்காகப் பதிவு செய்திருந்தாள். மில் நின்ற ராத்திரி, அதை ஒரு சின்ன ஸ்பீக்கரில் கட்டிலுக்குப் பக்கத்தில் மெதுவாக ஓடவிட்டாள். கூடவே டேபிள் ஃபேன். டிவி வேண்டாம் என்று முடிவு. (பட்டிமன்றத்துக் கைதட்டலும் திடீர்ச் சத்தம்தானே.) அப்பாதான் தலையில் அடித்துக்கொண்டார். "லீவு நாள்லயும் மில்லு சத்தத்தக் கேட்டுத்தான் தூங்கணுமா நானு!"

நாலரை மணிக்கு முதல் வெடி. ஷிப்ட்டு பெட்டியின் கடைசிக்குப் போய் புடவைக்கு அடியில் புகுந்துகொண்டது. காது பின்னால் ஒட்டியிருந்தது, கண் கறுப்பாக விரிந்திருந்தது. பயம் போகவில்லை. யாரும் வெளியே எடுக்கவில்லை, 'ஒண்ணும் இல்லடா' என்று மடியில் போட்டு அமுக்கவில்லை. மகள் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டுப் படுத்து, கையைப் பெட்டி வாசலில் வைத்திருந்தாள். தடவிக் கொடுத்தால் பயம் அதிகமாகும் என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. பயம் ஒரு கெட்ட பழக்கம் இல்லையே, தடவினால் வளர்வதற்கு. பூனை தானாக வந்து கேட்டால் கொடுக்கலாம், வராவிட்டால் விட்டுவிடலாம். ஷிப்ட்டு ஐந்தரை மணி வாக்கில் மூக்கை மட்டும் கொண்டுவந்து விரல் நுனியில் வைத்தது.

காலை ஏழரைக்குத் தெருவில் உள்ள அக்கா ஒருவர் கதவைத் தட்டினார். போன வருஷம் கூடையோடு ரயிலேறியதைப் பார்த்தவர். அவர் வீட்டுப் பையன்களை அணுகுண்டை மட்டும் லாரி நிறுத்தும் காலி மைதானத்தில் போய் வெடிக்கச் சொல்லியிருக்கிறாராம். சந்தில் புஸ்வாணமும் சங்குசக்கரமும்தான். இதற்குப் பெரிய முன்னுதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் பயந்து போகும் என்று பல பத்தாண்டுகளாக ஊரே பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்திலும் அப்படித்தான். சரணாலயம் என்று பலகை இருப்பதால் அங்கே ஊரே சேர்ந்து நிற்கிறது. சந்துப் பூனைக்கு அப்படிப் பலகை எதுவும் கிடையாது, ஒரு அக்கா இருந்தால் உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: மைதானத்துக்குப் போனவர்கள் லாரிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பயந்த பூனைகளும் குட்டி போட்ட தாய்களும் டயர் மேல், என்ஜினுக்கு அடியில் போய் ஏறிக்கொள்வதுண்டு. டிரைவர் வண்டியை எடுப்பதற்கு முன்னால் பானெட்டில் இரண்டு தட்டு தட்டினால் போதும், இல்லாவிட்டால் பூனை நெல்லூரில் இறங்கும், இறங்கினால்.

இரண்டாம் நாள் காலையில் அம்மா வாசலைப் பெருக்கி, தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளினார். வெடிக் காகிதத்தில் ஒட்டியிருக்கும் பொடி பூனைக் காலில் ஒட்டும், பூனை காலை நக்கும். வெளியே இருந்த தண்ணீர்ச் சட்டியையும் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் வைத்தார். மகள் மணல் டப்பைக் கிளறிப் பார்த்தாள். ஈரக் கட்டி மூன்று! அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பூனை மூத்திரத்தைப் பார்த்து ஒரு குடும்பமே சந்தோஷப்பட்டது அந்த லைனில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு மில் மறுபடி ஓட ஆரம்பித்தது. முதலில் அந்த 'கொர்ர்ர்', பிறகு லாரியிலிருந்து இரும்பு கொட்டும் சத்தம். மகள் ஸ்பீக்கரை அணைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஷிப்ட்டு பெட்டியை விட்டு வெளியே வந்து, முன்னங்காலை நீட்டி நெளித்து, கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு திரும்பிப் பார்த்தது. "இன்னிக்கு லீவுடா" என்றார் அப்பா, சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டே. அவர் மட்டும் வேலைக்குப் போனார்.